வலது பக்கத்தையும் எடுங்க

இடது மார்பை எடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வலது பக்கத்தையும் எடுத்துவிடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். வலது பக்கத்தில் நோய் இல்லை. வந்துவிடக் கூடாது என்றுதான் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எதுக்கும்மா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இதைக் கேட்பதற்காக லீவு போட்டுவிட்டு, அத்திப்பள்ளி நெரிசலில் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே பெங்களூருக்கு வந்திருக்கிறேன். எதுக்கு என்கிறார்.

நான் ஓசூரில் கார் பாகங்கள் வார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். பத்தொன்பது வருடமாகத் தரப் பரிசோதனை. உருக்கிய அலுமினியத்தை அச்சுக்குள் அழுத்தித் தள்ளினால் பாகம் வெளியே வரும். எங்கள் அச்சில் இரண்டு குழிகள். ஒன்றில் வண்டியின் இடது பக்கத்துக்கான தாங்கி, இன்னொன்றில் வலது பக்கத்துக்கானது. எல்ஹெச், ஆர்ஹெச் என்போம். இரண்டும் ஒரே தள்ளலில் ஜோடியாகப் பிறக்கும். எல்ஹெச்சில் ஓர் ஊசித் துளை தெரிந்தால் ஆர்ஹெச்சைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டோம். இரண்டையும் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவோம். ஒரே உலோகம், ஒரே சூடு, ஒரே நொடி. ஒன்று கெட்டுப்போயிருக்கும்போது மற்றது நல்லது என்று கையெழுத்துப் போட எங்களில் யாருக்கும் தைரியம் கிடையாது. நான் ஒருமுறைகூடப் போட்டதில்லை.

இதைத்தான் டாக்டரிடம் சொன்னேன்.

"ஒரே அச்சுல வந்தது டாக்டர். ஒண்ணு ரிஜெக்ட்னா இன்னொண்ணும் ரிஜெக்ட்தான்."

அவர் கன்னடக்காரர். என்னோடு தமிழில் பேசுவார், நடுவில் அவருடைய மொழியும் வந்து விழும். "இல்லி ஹாகில்லம்மா. உங்க கம்பெனில சரியா இருக்கலாம், இங்க அப்படி இல்ல," என்று ஆரம்பித்தார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். இடது பக்கத்து நோய் தாவி வலது பக்கத்துக்குப் போவது அபூர்வம். வலது பக்கத்தில் ஒன்று வந்தால் அது பெரும்பாலும் புதிதாக முளைத்த வேறு நோயாகத்தான் இருக்கும். ஒருமுறை வந்தவளுக்கு அப்படி முளைக்கிற வாய்ப்பு வராதவளைவிட அதிகம், அது உண்மை. ஆனால் பரம்பரைக் கோளாறு இல்லாதவளுக்கு அது நான் பயப்படுகிற அளவு இல்லை. நான் தினமும் விழுங்குகிற ஹார்மோன் மாத்திரை அதை இன்னும் குறைக்கிறது. கடைசியாக ஒன்று சொன்னார். அதுதான் என்னை உலுக்கியது. ஏற்கனவே வந்த நோய் ஒருநாள் எலும்பிலோ ஈரலிலோ தலை தூக்குமா என்பதற்கும் என் வலது மார்புக்கும் சம்பந்தமே இல்லை.

"அதை எடுத்தா நீங்க கூட நாள் இருப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாது. அதை நம்பி எடுக்காதீங்க."

"அப்ப எதை நம்பி வெச்சுக்கறது?"

அவர் பேனாவைத் திரும்பத் திறந்தார். என் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். மரபணுவில் கோளாறு இருந்தால் கதை வேறு, அப்போது வலது பக்கத்தை எடுப்பதைப் பற்றித் தானே பேசுவேன், கருப்பையோடு இருக்கும் சினைப்பையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும் என்றார். பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண் தாளில் என் குடும்பத்தை வரைந்தாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், செத்தவர்கள் மேல் குறுக்கே ஒரு கோடு. அம்மா நெஞ்சுவலியில் போனார். அம்மாவின் தங்கைகள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அப்பா வழி என்று கேட்டாள். அப்பாவின் மூத்த அக்கா, என் அத்தை, எங்கள் வீட்டில்தான் இருந்து செத்தார். எனக்கு அப்போது பதினோரு வயது. பின்கட்டு அறையில் படுத்திருந்தார். மாரைச் சுற்றி வேட்டித் துணி கட்டியிருக்கும். எங்களை உள்ளே விட மாட்டார்கள். அந்த அறைப் பக்கம் போனால் ஒரு வாடை அடிக்கும்.

"என்ன நோய்?"

"தெரியாது."

"தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

அண்ணன் இருந்தான். என்னைவிட ஒன்பது வயது பெரியவன். அத்தையை கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வந்தவன் அவன்தான்.

அந்தப் பெண் வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டாள். கேட்டுக்கொண்டு வாங்க, அப்பா வழியும் கணக்குதான் என்றாள்.

நான் இருப்பது தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு லைன் வீட்டில். மாடியில் ஒற்றை அறை. கல்யாணம் செய்து ஏழாவது வருடம் பிரிந்துவிட்டேன், குழந்தை இல்லை. என்னைச் சுற்றி இருக்கும் அறைகளில் எல்லாம் வடக்கிலிருந்து வந்த பையன்கள். ஷிஃப்ட் மாறும்போது ஆளும் மாறிவிடும், யார் முகமும் மனதில் நிற்பதில்லை. இடது பக்கத்தை எடுத்தபோது கூட இருப்பவர் கையெழுத்துக்கு வீட்டு ஓனர் அம்மாவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். போட்டுவிட்டு இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டார். டிஸ்சார்ஜ் அன்று தனியாகத்தான் வந்தேன். அக்குளுக்குக் கீழே இரண்டு குழாய், அவற்றின் முனையில் இரத்த நீர் சேரும் இரண்டு பிளாஸ்டிக் குப்பி. அவற்றைத் துணிப்பையில் போட்டு, காய்கறி வாங்கி வருகிறவள் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவள் பையைக் கீழே வையுங்களேன், கால் வலிக்காதா என்றாள். தினம் காலையில் குப்பியில் எத்தனை மில்லி என்று பார்த்து எழுத வேண்டும். எழுதினேன். அளந்து எழுதுவதுதான் என் தொழில். பதினேழு நாள்.

அண்ணனுக்குச் சொல்லியிருந்தேன். தக்காளி பறிப்பு நடக்கிறது, முடிந்ததும் வருகிறேன் என்றான். முடிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வரவில்லை.

உத்தனப்பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். ராயக்கோட்டை பஸ்ஸில் ஏறினால் அரை மணிக்கு மேல் ஆகாது. அந்த அரை மணி தூரத்தில்தான் அண்ணன் இருக்கிறான். அண்ணி வாசலில் நின்றிருந்தார். முதலில் என் தலையைப் பார்த்தார். கீமோவுக்குப் பிறகு முடி ஒரு விரல்கடை அளவு முளைத்திருந்தது.

"ஏம்மா, சொல்லாம கொள்ளாம வந்துட்ட?"

"சொல்லிட்டு வந்தா இருக்க மாட்டீங்க அண்ணி."

அவர் சிரிக்க முயன்றார். அண்ணன் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய மகள், இருபத்து நாலு வயதுப் பெண், கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியின் ஆபீசில் வேலை. அன்று வீட்டில் இல்லை. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அண்ணா, பெரியத்தைக்கு என்னா நோவு?"

"எந்த அத்தை?"

"நம்ம வீட்ல பின்னாடி ரூமுல செத்துப்போனவங்க."

"மஞ்சக் காமாலை."

"மஞ்சக் காமாலைக்கு மாருல துணி சுத்துவாங்களா?"

"நீ அப்ப சின்னப் புள்ள. உனக்கு என்னா தெரியும்?"

"நான் சின்னப் புள்ள, ஒத்துக்கறேன். நீ சின்னப் புள்ளயா? நீதான ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கிட்டு போன?"

அவன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான். ஐம்பத்து நாலு வயது ஆள். பதில் சொல்ல முடியவில்லை என்றால் ரிமோட்டை அமுக்குகிறான். அண்ணி வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார்.

"மாப்ள வீட்டுக்காரங்க ஊர்ல விசாரிச்சுக்கிட்டு இருக்காங்கம்மா. இந்த நேரத்துல பரம்பரை கிரம்பரைன்னு நீ பேசி, யார் காதுலயாச்சும் விழுந்துச்சுன்னா புள்ள வாழ்க்கை என்னா ஆவறது?"

"எனக்கு வலது பக்கத்தை வெட்டணுமா வேணாமான்னு தெரியணும் அண்ணி. அது புள்ளைக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்."

"புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. அத இதுல இழுக்காத." பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "நிச்சயத்துக்கு நீ அலைய வேணாம்மா. முடி நல்லா வளரட்டும். கல்யாணத்துக்கு வந்தா போதும்."

காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அதைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். குடிக்காமல் வந்தால் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று பேச்சாகிவிடும். கோபம்தான், ஆனால் அவர்கள் அதை ஒரு டம்ளர் காப்பிக்குள் அடக்கிவிடக் கூடாது.

கேள்விக்குறியை அப்படியே விட்டுவிட்டுப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். வலது கையில். இடது கையில் இனி ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது. முடிவு வர நான்கு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த நான்கு வாரமும் என் விரல்கள் சும்மா இருக்கவில்லை. பத்தொன்பது வருடம் உலோக விளிம்பில் பிசிறு தேடிய விரல்கள். முடி அளவு பிசிறு இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவற்றால் வலது மார்பைத் தடவித் தடவிப் பார்த்தேன். மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். நான் குளிக்கும்போது, உடை மாற்றும்போது, கம்பெனி பாத்ரூமில், சாப்பாட்டு இடைவேளையில் என்று பார்த்தேன். மார்பு ஒழுங்கான பொருள் இல்லை. உள்ளே முழுக்க மேடும் முடிச்சும்தான். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. மறுநாள் அது அங்கே இருக்காது, வேறு இடத்தில் இருக்கும். தோல் சிவந்து எரிய ஆரம்பித்தது.

என்னோடு மேஜையில் நிற்கும் பெண் தெலுங்குக்காரி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அவளைப் பிடிக்கும்.

"என்னாக்கா, பாத்ரூமுக்கும் மேஜைக்கும் ஷட்டில் பஸ் விடுறியா?"

"சுகர்டி."

"பொய் சொல்லாத. ஒரு பக்கம் போச்சு, இன்னொரு பக்கத்த காவல் காக்கற."

"ஆமா காக்கறேன். உனக்கு என்னா?"

"இல்லக்கா, பஸ்ல இடிக்கிறானுங்களே, அவனுங்கள நெனச்சேன். இடது பக்கமா வந்து இடிச்சான்னா வெறும் பஞ்சு. ஏமாந்துருவான் பாவம்."

நான் சிரித்துவிட்டேன். உள்ளாடைக்குள் மடித்து வைத்த பழைய துப்பட்டாதான் என் இடது பக்கம். ஆஸ்பத்திரியில் ஒரு சிலிகான் மார்பு காட்டினார்கள். கையில் வாங்கிப் பார்த்தேன். செத்த கோழிக்குஞ்சு மாதிரி குளிர்ந்து கனத்தது. வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு பக்கம் கனமும் ஒரு பக்கம் வெறுமையுமாக எட்டு மணி நேரம் நின்றால் தோள்பட்டை இழுக்கும். வலது பக்கத்தை எடுக்கச் சொன்னதில் அந்த வலிக்கும் பங்கு உண்டு. டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் தோள்வலிக்கு மாத்திரை எழுதியிருப்பார்.

முடிவு வந்தது. தேடிப் பார்த்த மரபணு எதிலும் கோளாறு இல்லை. நல்ல செய்திம்மா என்றார் டாக்டர். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இருக்கிறது என்று வந்திருந்தால் வெட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இல்லை என்று வந்ததால் முடிவெடுக்கிற வேலை திரும்பவும் என் தலையில் விழுந்தது.

"அப்பவும் எடுத்துடுங்க," என்றேன்.

இந்த முறை அவர் எதுக்கு என்று கேட்கவில்லை. நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க உடம்பு. எல்லாம் தெரிஞ்சு நீங்க வேணும்னு சொன்னா நான் செய்வேன். ஆனா முழுசா கேட்டுக்கங்க. எடுத்தாலும் பயம் பூஜ்யத்துக்கு வராது. தோலுக்கு அடியில கொஞ்சம் திசு ஒட்டிக்கிட்டு நிக்கும். அதுவும் பெரிய ஆபரேஷன். அதே குழாய், அதே குப்பி. புண்ணு ஆறாம போகலாம், மரத்துப்போன இடத்துக்குத் திரும்ப உணர்ச்சி வராமலே போகலாம்."

பிறகு வழிகளைச் சொன்னார். இடது பக்கம் மாதிரியே தட்டையாக எடுத்துவிடலாம். அல்லது தோலை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் வழித்து, சிலிகான் பையோ வயிற்றுச் சதையோ வைத்து நிரப்பலாம். அல்லது எடுக்காமலே, வருடா வருடம் மேமோகிராம் எடுத்து, மாத்திரையை விடாமல் சாப்பிட்டுக் கவனித்துக்கொண்டிருக்கலாம். தன்னைக் கேட்டால் இந்த மூன்றாவது வழிதான் என்றார்.

"தட்டையா எடுங்க," என்றேன்.

ஆறு வாரம் தள்ளி ஒரு தேதி கொடுத்தார். அதற்குள் மனது மாறினால் ஒரு போன் போதும், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்றார். நினைப்பதற்கு எனக்கு ஆள் இருந்தால்தானே என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பரிசோதனை முடிவை அண்ணனுக்குப் போனில் சொன்னேன். அவன் தலைமேல் இருந்த மூட்டையை இறக்கி வைக்கிறவன் மாதிரி பெருமூச்சு விட்டது கேட்டது.

"அப்ப நம்ம ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னு ஆச்சு."

"தேடுனதுல இல்ல."

"அது போதும் விடு. நான் எவ்ளோ பயந்துட்டேன் தெரியுமா? அத்தைக்கு வேற ரெண்டு பக்கமும் வந்துச்சு பாரு, அதான் அடிச்சுக்கிச்சு எனக்கு."

நான் கம்பெனி வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நகர்ந்து சுவரோரமாகப் போய் நின்றேன்.

"என்னா சொன்ன?"

"அதான், அத்தைக்கு."

"மஞ்சக் காமாலைன்ன?"

"அப்ப அப்படித்தான் சொல்ல முடிஞ்சுது. இப்பதான் இல்லைன்னு எழுதியே குடுத்துட்டாங்களே. இப்ப சொன்னா என்னா?"

கொட்டினான். முதலில் இடது பக்கம் கட்டி, அது உடைந்து புண்ணாகி, சில மாதத்தில் வலது பக்கமும் கல் மாதிரி ஆகிவிட்டதாம். கிருஷ்ணகிரியில் கையை விரித்துவிட்டார்களாம். வயது அறுபதுக்கு மேல். ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அத்தையோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்களாம். ரொம்ப நாள் அடக்கி வைத்ததைச் சொல்கிறவனின் சுகம் அவன் குரலில் இருந்தது. கடைசியில், "கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துடு, பந்தக்கால் நடும்போதே இருக்கணும் நீ," என்றான்.

"அண்ணா, இத நீ அன்னிக்கு சொல்லியிருக்கணும்."

"அதான் ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சே."

"எனக்கு வந்துச்சே. அது ஒண்ணும் இல்லையா?"

"நீ எப்பவும் இப்படித்தான். நல்ல சேதி வந்தாலும் சண்டைக்கு நிப்ப."

அவன் வைத்துவிட்டான். தொழிற்சாலைப் பரிசோதனையில் ஒரு விதி உண்டு. தகவலை மறைத்து வாங்கிய ஓகே, ஓகே இல்லை. அண்ணனுக்கு அது புரியாது. என் இரத்தத்தைப் பார்த்து அவன் தன் மகளுக்கு ஓகே வாங்கிக்கொண்டான்.

மறுபடியும் லீவு, மறுபடியும் அத்திப்பள்ளி. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். ஒரு பக்கம் புண்ணாகிச் சில மாதத்தில் மறுபக்கம் கல்லானது என்றால், அது இரண்டு நோயாக இல்லாமல் ஒரே நோய் மார்பின் மேல் தோலோடு பரவியதாகவும் இருக்கலாம். அல்லது உண்மையிலேயே இரண்டாகவும் இருக்கலாம். இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. அறுபது தாண்டி வந்தது என்பதால் கொஞ்சம் ஆறுதல். என் பரிசோதனை முடிவு மாறாது. ஆனால் மருத்துவம் இன்னும் கண்டுபிடிக்காத ஏதாவது இருக்கலாம். அதனால் மேமோகிராமோடு எம்ஆர்ஐயும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். என் அண்ணன் மகளும் ஒரு டாக்டரைப் பார்த்து இதைச் சொல்லி வைக்க வேண்டும் என்றார்.

"இப்ப எடுக்கவா வேணாமா, நீங்களே சொல்லுங்க."

"என் பதில் மாறல. ஆனா எனக்கும் முழுசா தெரியாது. தெரியாமதான் ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கோம்."

அன்றுதான் முதன்முறையாக அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தெரியாது என்று என்னிடம் ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவர்.

அண்ணன் மகளுக்குப் போன் செய்தேன். அண்ணனைக் கேட்கவில்லை. பெரியத்தைக்கு என்ன வந்தது, எனக்கு என்ன வந்தது, அவள் என்ன செய்ய வேண்டும் என்று நேராகச் சொன்னேன். மறுமுனையில் ஆபீஸ் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. "சரி அத்த," என்றாள். பிறகு, "கல்யாணம் முடியட்டும் அத்த, அப்புறம் பேசலாம். இதையெல்லாம் வாட்ஸப்ல எதுவும் அனுப்பிடாதீங்க," என்றாள். நான் அனுப்பவில்லை.

ஆபரேஷன் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. காலை ஷிஃப்ட். ஒரே மணி நேரத்தில் பதினான்கு ஜோடி ரிஜெக்ட். எல்ஹெச்சில் துளை. வழக்கம்போல ஆர்ஹெச்சையும் சேர்த்து வீசிக்கொண்டிருந்தேன். தள்ளுவண்டி வந்து பக்கத்து மேஜையின் சிவப்புத் தொட்டியை உலைக்கு எடுத்துக்கொண்டு போனது. பத்தொன்பது வருடமாக அது போவதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆர்ஹெச்சை நாங்கள் யோசிக்காமல் வீசுவது அது கெட்டது என்று தெரிந்ததால் இல்லை. திருப்பிப் பார்க்கச் சோம்பல். வீசினால் நஷ்டமும் இல்லை. உருக்கினால் மறுபடி அலுமினியம்தான், மதியத்துக்குள் வேறு பாகமாக வந்துவிடும்.

எங்கள் தொட்டியிலிருந்து ஓர் ஆர்ஹெச்சை எடுத்தேன். துடைத்து, வெளிச்சத்தில் திருப்பினேன், அளவு பார்க்கும் கேஜில் வைத்தேன், விளிம்பைத் தடவினேன். நல்ல பாகம். மற்றவற்றையும் எடுத்துப் பார்த்தேன், பதினான்கில் பதினொன்று நல்ல பாகம். மூன்றில் துளை இருந்தது. மேஜைத் தோழி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா, ரிஜெக்ட்ட பொறுக்கற? சூப்பர்வைசர் பாத்தா கொன்னுருவாரு."

"சும்மா பாக்கறேன்டி."

"பாத்து?"

"பாத்துட்டு திரும்ப போட்டுடுவேன்."

எல்லாவற்றையும் திரும்பத் தொட்டியில் போட்டேன். கம்பெனி விதி கம்பெனிக்கு. பதினான்கில் மூன்று என்பது என் உடம்புக்கான கணக்கு இல்லை, அது எனக்குத் தெரியும். எனக்கு உறைத்தது வேறு. நான் டாக்டரிடம் கேட்டது வைத்தியமே இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கும் வேலையிலிருந்து விடுதலை கேட்டிருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராம் மிஷினில் மாரை நசுக்கக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை தனியாக அந்த அறையில் உட்கார்ந்திருக்க எனக்குப் பயம். அந்தப் பயத்துக்கு வலது மார்பைக் கொடுத்துவிடப் பார்த்தேன். கொடுத்தாலும் பயம் போகாது. இடது பக்கத்து நோய் எலும்பில் எங்காவது இருக்கிறதா என்று முதுகு வலிக்கும்போதெல்லாம் எப்படியும் உட்கார்ந்து யோசிக்கத்தான் போகிறேன்.

அந்த மார்பின் மேல் எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. அதைப் பார்த்து மகிழ ஆள் இல்லை, எனக்கும் அது தோள்வலி தருகிற ஒரு கனம்தான். ஆனால் அதில் தொட்டால் தெரிகிறது. இடது பக்கம் தொட்டால் மரக்கட்டையைத் தொடுகிற மாதிரி இருக்கிறது. தொட்டால் தெரிகிற தோல் எனக்கு இவ்வளவுதான் மீதி. நல்லதாக இருக்கிறவரை இருந்துவிட்டுப் போகட்டும். துளை விழுந்தால் அன்றைக்கு வெட்டிக்கொள்கிறேன். இது தப்பான முடிவாகவும் இருக்கலாம். என் இடத்தில் இன்னொருத்தி எடுத்துவிட்டு நன்றாகத் தூங்குவாள். அவளைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டு இடைவேளையில், கேன்டீனுக்கு வெளியே கை கழுவும் குழாய்ப் பக்கம் நின்றுகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஆபரேஷன் தேதி போடும் இடத்தில் ஒரு சின்னப் பெண் குரல், தமிழ்தான், சேலம் பக்கத்து இழுப்பு.

"கேன்சல் பண்ணணும்."

"காரணம் சொல்லுங்க மேடம், ஃபார்ம்ல போடணும்."

"காரணம் எல்லாம் இல்ல. வேணாம்."

"அப்படிப் போட முடியாது மேடம், இதுல ஏதாவது ஒண்ண அமுக்கினாதான் அடுத்த பக்கம் போவும். காய்ச்சலா?"

"இல்ல."

"வேற ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா?"

"இல்ல."

"வீட்ல ஒத்துக்கலையா?"

எனக்குப் பின்னால் தட்டு கழுவ ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"வீட்ல நான் மட்டும்தாம்மா இருக்கேன்," என்றேன். "நான்தான் ஒத்துக்கல."

"அப்ப வீட்ல ஒத்துக்கலன்னு போட்டுக்கறேன்."

"போட்டுக்கோ."

தட்டுகிற சத்தம் கேட்டது. மேமோகிராமுக்கு நாள் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். கொடு என்றேன். புதன்கிழமை காலை என்றாள். கூட யாராவது வருவாங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்கும் ஒரு கட்டம் இருந்திருக்க வேண்டும், தட்டினாள். நான் கையைக் கழுவிக்கொண்டு, லீவு எழுதிக் கொடுக்க சூப்பர்வைசரைத் தேடிப் போனேன்.